ஏழாவது குழாய்

“துப்புற வாய் குடிக்காதா தாத்தா?”

அந்த வீட்டுக் குழந்தை கொத்தனாரிடம் இப்படிக் கேட்டது மழைக்காலத்துக்கு மூன்று வாரம் முன்னால், வீட்டின் பின்புறத்துத் தடுப்புச் சுவர் தொடை உயரத்துக்கு எழும்பியிருந்த ஒரு முற்பகலில்.

கொத்தனார் கருங்கற்களுக்கு நடுவே நாலங்குலக் குழாய்களைக் குறுக்காகப் படுக்கவைத்துச் சுற்றிலும் கலவை அப்பிக்கொண்டிருந்தார். இடமிருந்து வலமாகப் பதினோரு குழாய்கள். எதற்கு என்று கேட்ட குழந்தைக்கு, “இதெல்லாம் சுவரோட வாய் பாப்பா. மழை பெஞ்சா மேட்டு மண்ணு தண்ணியக் குடிச்சு உப்பும். குடிச்சத இது வழியாத் துப்பிடணும். வயித்துலயே வெச்சுக்கிட்டா சுவரு ஒரு நாள் பொட்டுனு சாஞ்சிடும்” என்று விளக்கியிருந்தார். அதைக் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டுத்தான் குழந்தை அந்தக் கேள்வியைக் கேட்டது.

கொத்தனார் சிரித்த சிரிப்பில் சட்டைப்பையிலிருந்த தூக்குக்குண்டு குதித்தது. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற அந்தப் பித்தளைக் குண்டு, தூங்கும்போதும் அவர் பையில்தான் இருக்கும் என்று அவர் மனைவி சொல்வாள். கலவை குழைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவும் சிரித்துவிட்டுக் கணவரைச் சீண்டினாள்.

“பதில் சொல்லுங்க. நாப்பது வருஷமாச் சுவரு கட்டுறீங்க, அதோட வாயப் பத்தி ஒண்ணும் தெரியலையே!”

“எனக்குத் தெரிஞ்ச வாய் ஒண்ணே ஒண்ணுதான் பாப்பா. அது மூடினதே இல்ல” என்று கொத்தனார் கரண்டியால் மனைவியைக் காட்டினார்.

ஜன்னலுக்கு உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த தாய் மட்டும் சிரிக்கவில்லை. ஊசியில் நூல் அறுந்ததைக்கூடக் கவனிக்காமல், பள்ளிச் சீருடைச் சட்டை ஒன்றின் கைப்பகுதி முழுவதையும் வெறும் ஊசியாலேயே தைத்து முடித்திருந்தாள். துணியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

மேட்டை வெட்டித்தான் அந்த வீட்டுக்கு இடம் எடுத்திருந்தார்கள். வெட்டிய காயம் எட்டு வருடமாக ஆறவே இல்லை. ஒவ்வொரு மழைக்கும் மேடு கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் சரிந்து, வீட்டை நோக்கி ஓரடி வந்து நின்றுவிடும். ஒரு காலத்தில் முற்றத்தின் நடுவில் கிடந்த துவைக்கிற கல்லின் காலடிக்கே மண் வந்துவிட்டது. போன மழையில் சமையலறைக் கதவைத் திறந்தபோது சேறு படி ஏறி உள்ளே எட்டிப் பார்த்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சாக, அடுத்த மழைக்கு இந்தச் சமையலறை இருக்காது என்றார்கள்.

அவள் கணவன் வெளியூர்ப் பேருந்து ஓட்டுபவன். நாலு நாள் சாலையில், இரண்டு நாள் வீட்டில். “மழைக்கு முன்னாடி சுவரு எழும்பிடணும்மா. வண்டி ஓட்டும்போது மழை பிடிச்சா, நான் ரோட்டப் பாக்கறதா, உங்க ரெண்டு பேர நெனைக்கிறதா?” என்று அவன் சொல்லியிருந்தான். சுவர் வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சுவருக்காக அங்கே தோண்டுவார்களே என்பதுதான் பயம்.

அஸ்திவாரம் தோண்டிய இரண்டாம் நாளே, துவைக்கிற கல்லுக்கு எதிரில் கொத்தனாரின் மண்வெட்டியில் ஒரு செருப்பு மாட்டியது. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. இடது கால். நீளமான பாதத்துக்கானது. கொத்தனார் அதைத் தட்டி மண்ணை உதிர்த்து ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார்.

“இது யாரோடதும்மா?”

“எங்களோடதுதான். பழசு. தூக்கிப் போடுங்க.”

பதில் கேள்வியைவிட வேகமாக வந்துவிட்டது. கொத்தனார் ஒரு கணம் அவளையே பார்த்தார். இந்த வீட்டில் அவ்வளவு நீளமான கால் யாருக்கும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவள் கணவன் குள்ளம். ஆனால் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற மனிதர் இல்லை அவர். செருப்பைக் குப்பையில் எறியாமல், தூசி தட்டி, வேலியோரமாக ஒரு கல்லின்மேல் மரியாதையாக வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

அன்று மாலை விளக்கேற்றிக் கும்பிடும்போது அவள் எல்லாவற்றையும் கடவுளிடம் சொன்னாள். கணவனின் பயணம், குழந்தையின் இருமல், முடிக்க வேண்டிய சீருடைகள். ஒன்றை மட்டும் வழக்கம்போல விட்டுவிட்டாள். ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவரிடம் எதற்குத் திரும்பச் சொல்வது என்று எட்டு வருடமாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

சுவர் ஆள் உயரத்துக்கு வந்தபின் இன்னொன்று நடந்தது. சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் ஜல்லி கொட்டி நிரப்பினால்தான் தண்ணீர் வடிந்து குழாய்களுக்கு வரும். ஒவ்வொரு குழாய்க்கும் பின்னால் பத்துக் கூடை ஜல்லி போதுமானதாக இருந்தது. ஏழாவது குழாய்க்குப் பின்னால் பத்துக் கொட்டினார்கள். இருபது கொட்டினார்கள். இருபத்தைந்தாவது கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கொத்தனார் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். ஜல்லி விழுகிற சத்தம் எங்கோ ஆழத்தில், ஒவ்வொரு கல்லாக, நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“உள்ள ஏதோ பொந்து இருக்கும்மா” என்றார் கொத்தனார். “ரெண்டு ஆள வெச்சுத் தோண்டிப் பாத்துட்டு மூடிடலாம். ஒரு நாள் வேலைதான். பொந்த அப்படியே விட்டு மூடறது எங்க தொழில்ல கூடாது.”

“வேண்டாம். மேல மண்ணப் போட்டு மூடிடுங்க. வானம் இருட்டிக்கிட்டு வருது.”

“வானம் ரெண்டு நாள் பொறுக்கும்மா.”

“என்னால பொறுக்க முடியாது” என்றாள் அவள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

கொத்தனார் மூடினார். வேலை முடிந்து கிளம்பும் நாளில், மரக்கட்டையும் நூலும் கோத்த ஒரு பழைய இரும்புத் தூக்குக்குண்டைக் குழந்தைக்கென்று கொண்டுவந்து, ஏழாவது குழாய்க்கு நேர் மேலே, சுவரின் உச்சியில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார்.

“இனிமே நீதான் மேற்பார்வை. நூலுக்கும் சுவருக்கும் நடுவுல இந்த இடைவெளி எப்பவும் இருக்கணும். நூல் சுவர்ல முட்டுச்சுன்னா தாத்தாவுக்கு உடனே போன் போடணும். சரியா?”

“சம்பளம் உண்டா தாத்தா?”

“கேட்டியா, உன்னவிடக் கெட்டிக்காரி” என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குழந்தையின் தாயிடம் தணிந்த குரலில் சொன்னார். “மழை பெஞ்சா பதினொண்ணும் ஒழுகணும்மா. ஒண்ணு காஞ்சு கிடந்தாலும் கம்பிய விட்டுக் குத்தி விடுங்க. எனக்கு இந்த ஒரு எடம் மட்டும் மனசு ஒப்பல.”

மழை ஒரு வியாழக்கிழமை தொடங்கியது. முதல் இரண்டு நாள் தூறலாகப் பெய்து மண்ணை ஊறவைத்தது. மூன்றாம் நாள் காலையிலிருந்து, வானத்தில் யாரோ ஒரு மதகைத் திறந்துவிட்டு மூட மறந்ததைப்போலக் கொட்டியது. கணவன் எங்கோ வழியில் இருந்தான். அவன் எண்ணுக்கு அழைப்பு போகவில்லை. தகரக் கூரையின் இரைச்சலில் வீட்டுக்குள் பேசினால் பேசியவருக்கே கேட்கவில்லை.

மதியம் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வைக்குப் போன மகள் ஓடிவந்தாள்.

“அம்மா, பத்து வாயும் துப்புது. ஒண்ணு மட்டும் சும்மா இருக்கு.”

அவள் போய்ப் பார்த்தாள். இரு பக்கமும் குழாய்கள் செம்மண் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. முற்றம் முழுக்கச் சிவப்பு ஓடை. நடுவில் ஏழாவது குழாய் மட்டும் காய்ந்திருந்தது. உதட்டைப்போல வெளியே நீண்டிருந்த அதன் விளிம்பில் பழைய சிமென்ட் தூசிகூட நனையாமல் அப்படியே இருந்தது. குனிந்தாள். சுவரின் மேலிருந்து வழிந்த மழைநீர் குழாயின் விளிம்புக்கு வந்ததும் கீழே சொட்டவில்லை. வளைந்து, மெல்ல, உள்ளே போயிற்று. தம்ளரின் அடியில் மிஞ்சியதை உறிஞ்சும்போது வருமே ஒரு சத்தம், அது உள்ளிருந்து கேட்டது.

உள்ளங்கையைக் குழாயின் வாயருகே கொண்டுபோனாள். காற்று கையை உள்ளே இழுத்தது. நின்றது. பிறகு வெளியே வந்தது. இளஞ்சூடாக, ஈரமண்ணும் புகையிலையும் கலந்த வாசனையோடு.

அந்த வாசனை அவளுக்குத் தெரியும்.

“உள்ள வா” என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“நான் கேட்டது சரிதானே அம்மா? அது குடிக்குதுல்ல?”

“உள்ள வான்னு சொன்னேன்.”

ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். காலரைத் திருப்பித் தைத்தாள். தைத்ததைப் பிரித்தாள். காற்று ஜன்னலைத் திறந்தது, எழுந்து சாத்தினாள். மறுபடியும் திறந்தது. மூன்றாம் முறை சாத்தப் போனபோது சுவரைப் பார்த்துவிட்டாள்.

மழையில் நனைந்து சுவர் முழுவதும் கருத்திருந்தது. கல், பூச்சு, எல்லாம் ஒரே கருப்பு. ஏழாவது குழாயைச் சுற்றி மட்டும் ஓரிடம் நனையாமல் வெளிறிக் கிடந்தது. முதலில் அதற்கு உருவம் இல்லை. அவள் பார்க்கப் பார்க்க ஓரங்கள் கருத்து, வெளிறல் குறுகி, தெளிந்தது. அகலமான இரண்டு தோள். அவற்றிலிருந்து மேலே தூக்கிய இரண்டு கைகள், விரிந்த விரல்களோடு. பாரத்தைத் தாங்கிக்கொண்டு முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு நெட்டை மனிதனின் உருவம். தலை கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் குழாய்.

மின்சாரம் போயிற்று. மணி ஐந்துகூட ஆகவில்லை. வீடு இருட்டிக்கொண்டு வந்தது.

எட்டு வருடத்துக்கு முன், வீடு கட்டி முடிகிற தறுவாயில் அவள் ஏழு மாதக் கர்ப்பம். முற்றத்தை அகலப்படுத்த மேட்டைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கூட்டிவந்த ஐந்து பேரில் ஒருவனை எல்லாரும் நெட்டையன் என்று கூப்பிட்டார்கள். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. அவள் குழாயடியில் வாளியைத் தூக்கப் போகும்போதெல்லாம் எங்கிருந்தோ புகையிலை மணக்க வந்து வாங்கிக்கொள்வான். “நீங்க தூக்காதீங்க தங்கச்சி. உள்ள ஒரு ஆள் இருக்குல்ல” என்பான். ஆறு நாளில் எத்தனை வாளி என்று அவனும் எண்ணியிருக்க மாட்டான்.

அன்று மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். வெட்டிய பள்ளத்தில் நின்றபடி அவன் மேலே, மேட்டை, ஒரு தடவை பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“தங்கச்சி, உள்ள போய் கொஞ்சம் தண்ணி கொண்டு வரீங்களா?”

“இதோ கொண்டு வரேன்ணே.”

பானையிலிருந்து தம்ளரில் மொண்டுகொண்டிருந்தபோது, லாரியிலிருந்து மூட்டைகளை ஒன்றாகத் தள்ளிவிட்டதைப்போல ஒரு சத்தம் கேட்டது. தம்ளரோடு வெளியே வந்தாள். பள்ளம் இல்லை. கல்லின்மேல் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மார்பளவு மண். அதன்மேல் ஒரு நீல வார்ச் செருப்பு. வலது கால்.

மேஸ்திரி வந்து செருப்பை எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்தார். “அவன் அப்பவே கெளம்பிப் போயிட்டான்மா. நான்தான் அனுப்பினேன். புள்ளத்தாச்சி, கண்டதையும் நெனைச்சு மனசக் கெடுத்துக்காதீங்க” என்றார். அவள் கையில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. தோண்டிப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது. வீடு, வழக்கு, ஊர்வாய் எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து போயின. வார்த்தையை மென்று விழுங்கினாள். காதும் காதும் வைத்தாற்போலக் கல்லை மூடியிருந்த மண்ணை மட்டும் அள்ளிவிட்டு, மீதியைத் தட்டிச் சமப்படுத்தினார்கள்.

அந்தத் தம்ளரை அதன்பிறகு யாரும் குடிக்க எடுக்க அவள் விட்டதில்லை. சமையலறை அலமாரியின் கோடியில், சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

“அம்மா!” வாசற்படியில் மகள் சொட்டச் சொட்ட நின்றாள். எப்போது வெளியே போனாளோ. “நூல் முட்டுது.”

போன் இரண்டு முறை அடித்ததுமே கொத்தனார் எடுத்தார். இரைச்சலில் அவர் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

“ஏழாவதுதானே? நெனைச்சேன். இங்க பாலத்து மேல தண்ணி போகுதும்மா, விடியாம என்னால வர முடியாது. பாப்பாவக் கூட்டிக்கிட்டு மொதல்ல வெளிய போங்க. போறதுக்கு முன்னாடி முடிஞ்சா, முடிஞ்சா மட்டும், நீளமா ஒரு கம்பிய விட்டுக் குத்திப் பாருங்க. அந்தத் தண்ணி மட்டும் வெளிய வந்துட்டா வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது.” பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது: “அந்தப் பொண்ணு தனியாவா இருக்கு? கடவுளே!”

எதிர்வீட்டு அக்கா கேள்வி கேட்காமல் குழந்தையை வாங்கி, துண்டால் தலையைத் துவட்டத் தொடங்கினாள். தாய் திரும்பி வாசலில் இறங்கியபோதுதான் அக்கா நிமிர்ந்தாள்.

“நீ எங்க போற? இங்கயே இரு.”

“ஒருத்தருக்கு ஒண்ணு கொடுக்கணும்க்கா. மறந்தே போச்சு.”

“இந்த மழையிலயா? காலைல கொடுத்தா ஆகாதா?”

“ரொம்ப நாளாச்சுக்கா” என்றாள்.

பரணிலிருந்த கொசுவலைக் கம்பியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. மெல்லிய வெடிப்பு ஒன்று அந்த வெளிறிய தோளிலிருந்து கிளம்பி மேலே ஏறியிருந்தது. வெடிப்புக்குள் ஜல்லி நகர்கிற சத்தம். நூல் சுவரில் அழுந்தி வளைந்து கிடந்தது.

கம்பியைக் குழாய்க்குள் விட்டாள். ஒரு முழம் போயிற்று. இன்னும் அரை முழம். எதிலோ பட்டது. கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. அழுத்தினாள். அது பின்வாங்கியது.

இழுத்தாள். கம்பி வரவில்லை.

உள்ளே யாரோ பிடித்திருந்தார்கள்.

முரட்டுப் பிடி இல்லை. வாளியை வாங்கிக்கொள்ளும்போது இருக்குமே, அந்தப் பிடி. கம்பி அவள் கையிலிருந்து மெதுவாக நழுவியது. முழுவதும் உள்ளே போயிற்று. பிறகு மூச்சு வந்தது. புகையிலை. மண். அந்த மூச்சில் ஒரு ஒலி, தொண்டை நிறைய மண் உள்ளவன் பேச முயல்கிற ஒலி.

“...ச்சி...”

ஓடினாள். சமையலறையைத் தாண்டினாள். கூடத்தைத் தாண்டினாள். வாசல் கதவு திறந்தே இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் மெழுகுவர்த்தி. அதன் பக்கத்தில் குழந்தையின் தலை. இருபது எட்டு வைத்தால் போதும். பின்னால் சுவர் முனகியது. பாரம் தாங்க முடியாதவன் முனகுவதைப்போல.

தாங்க முடியாதவன்.

எட்டு மழை. ஒவ்வொரு மழைக்கும் ஓரடி மட்டுமே வந்து நின்ற மேடு. ஏன் நின்றது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அத்தனை தண்ணீரின் நடுவில் உட்கார்ந்திருந்தும் குடிக்க ஒரு வாய் இல்லாமல்.

அவள் நின்றாள். கடவுளிடம் கேட்க ஒன்றும் இல்லை. செய்ய ஒன்று இருந்தது. திரும்பி நடந்தாள்.

அலமாரியின் கோடியில் கைவிட்டாள். தம்ளர் சில்லிட்டிருந்தது. கழுவினாள். பானையில் மொண்டாள். தளும்பியது, அன்றுபோலவே தளும்பியது.

மழையில், அந்த உருவத்தின் முன்னால் முழங்காலிட்டாள். இருவரின் முகமும் இப்போது ஒரே உயரத்தில்.

“இந்தாங்கண்ணே” என்றாள். மழை இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். “இந்தாங்க. தண்ணி.”

குழாயின் வாயில் சாய்த்தாள்.

மடக். மடக்.

தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தம். மழையைவிடத் தெளிவாக. கண்முன்னே, சுவரில் வெளிறிக் கிடந்த அந்த உருவத்தின் கழுத்தில் ஒரு கருங்கோடு தோன்றி மெல்ல நெஞ்சை நோக்கி இறங்கியது.

தம்ளர் காலி. உள்ளே போனாள். மொண்டாள். வந்தாள்.

இரண்டாவது தம்ளரில் நெஞ்சு நனைந்தது. நாலாவதில் வயிறு. ஒவ்வொரு முறையும் உள்ளே போகும்போது வாசல் தெரிந்தது, எதிர்வீட்டு வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தாள்.

“விடிஞ்சதும் சொல்லிடறேன்ணே” என்றாள் ஆறாவதில். “எல்லார்கிட்டயும். தோண்டச் சொல்றேன். உங்க ஊரு எதுன்னு விசாரிக்கச் சொல்றேன்.”

குடிக்கிற சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருப்பதைப்போல நின்றது. பிறகு மறுபடியும் தொடங்கியது.

எட்டாவது தம்ளர் பாதியில், உருவத்தின் தோள்கள் கருத்தன. குழாயின் விளிம்பில் ஒரு துளி வெளியே வந்து தயங்கித் தொங்கியது. விழுந்தது. அதன்பின் இன்னொன்று. பிறகு ஏழாவது குழாய், மற்றப் பத்தையும்போல, செந்நீரைக் கக்கத் தொடங்கியது. சுவருக்குள் நெடுநேரமாக முனகிக்கொண்டிருந்தது ஓய்ந்தது. நூல் சுவரை விட்டு மயிரிழை விலகி, குண்டோடு சேர்ந்து மெல்ல ஆடியது.

வீடு நிற்கும்.

அவள் எழுந்திருக்கவில்லை. தூக்கிய அந்த இரண்டு கைகள் மட்டும் சுவரில் இன்னும் நனையாமல் இருந்தன. அவை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. கல்லின்மேல், சத்தமில்லாமல், அங்குலம் அங்குலமாக. எட்டு வருடப் பாரத்தை இறக்கிவைத்தவனின் கைகள். குழாயருகே வந்தன. மறைந்தன.

செந்நீரின் நடுவே குழாயிலிருந்து நாலு விரல்கள் வெளியே வந்தன.

நீளமான விரல்கள். நகக்கண்ணெல்லாம் மண். தோல் ஊறி வெளுத்து, இடையிடையே எலும்பு தெரிந்தது. அவை துழாவின. அவள் கையைத் தொட்டன. தம்ளரைப் பிடித்திருந்த அவள் விரல்களின்மேல், கொடுப்பவரின் கையிலிருந்து வாங்குகிறவன் பிடிப்பதைப்போல, மெதுவாகப் படிந்தன. பனிக்கட்டிக் குளிர். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தம்ளரை அவன் பக்கம் சாய்த்து, கடைசிச் சொட்டுவரை பிடித்திருந்தாள்.

விரல்கள் விட்டன. வெறும் தம்ளரின் விளிம்பை ஒருமுறை தட்டின.

“இதோ கொண்டு வரேன்ணே” என்றாள்.

பானையின் அடியில் கடைசியாக ஒரு தம்ளர் தண்ணீர்தான் இருந்தது. சாய்த்து, வடித்து, நிறைய மொண்டாள். வெளியே வந்தாள். யாரும் பார்க்கவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

ஓடுகிற நீருக்குள், உள்ளங்கை மேலே பார்த்திருக்க, அந்தக் கை முழங்கைவரை வெளியே நீண்டு காத்துக்கொண்டிருந்தது.